பச்சை விளக்கு எரிகிறது, படம் வரவில்லை

மார்ச் 3

வாலுவின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. சிறையில் நீங்கள் நலமாக இருந்தால் எனக்குக் கோபம் வரும். நலமில்லை என்றால் அதற்கும் என்னவோ செய்யும். அதனால் அந்தப் பேச்சே வேண்டாம்.

வீட்டு சர்வர் வேலை செய்யவில்லை. அதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். பதினான்கு மாதம் கழித்துப் பேனாவை எடுத்தது அதற்காக மட்டும்தான்.

நடந்தது இது. போன வாரம் தெரு முழுக்கப் பழைய கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடி இழைக் கம்பி போட்டார்கள். இணைப்புக்காரர் வந்தார். செருப்பு அலமாரிக்கு மேலே இருந்த பழைய ரவுட்டரைக் கழற்றினார், புது ரவுட்டரை வைத்தார், பழையதைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. போனில் இணையம் நன்றாகவே வருகிறது. ஆனால் டிவியில் நம் படங்களைத் திறந்தால் 'சர்வர் கிடைக்கவில்லை' என்று மட்டும் வருகிறது. துணி அலமாரிக்குள் உங்கள் சர்வர் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. படம்தான் வரவில்லை.

சலவைக் கூடத்தில் ஒரு நாளைக்கு முந்நூறு ஓட்டல் விரிப்பு மடித்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். கை கழுவியதும் டிவியைப் போட்டுப் பத்து நிமிடம் வாலுவைப் பார்ப்பேன். பிறகுதான் சோறு இறங்கும். படங்களை மட்டும்தான் பார்ப்பேன். வீடியோ பக்கம் போவதில்லை, அதில் உங்கள் குரல் இருக்கிறது. இப்போது ஏழு நாளாக அதுவும் இல்லை.

"வெளியாள் கையில நம்ம பிள்ளை படம் எதுக்கு?" என்று எல்லாவற்றையும் அந்தப் பெட்டியில் போட்டது நீங்கள். என் போனையும் காலி செய்து அதில் ஏற்றினீர்கள். இன்றைக்கு என் கையில் மிச்சம் இருப்பது பள்ளி அடையாள அட்டைப் படம் ஒன்று. அதில் தும்மப் போகிறவள் மாதிரி முழிக்கிறாள்.

அங்கிருந்து போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

வாலுவின் அம்மா


மார்ச் 15

வாலுவின் அம்மாவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் விவாகரத்து நோட்டீஸ் என்றே நினைத்தேன். ஒரு நாள் முழுக்கப் பிரிக்கவில்லை. பிரித்தால் ரவுட்டர்! பக்கத்தில் உட்கார்ந்து ஃபைல் அட்டை ஒட்டிக்கொண்டிருந்த பெரியவர், "என்னய்யா, நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்றார். "வீட்டுல ரவுட்டர் மாத்திட்டாங்க" என்றேன். "அடப் பாவமே" என்றார், யாரோ செத்துப்போன மாதிரி. அவர் உள்ளே வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

யாரையும் அந்தப் பெட்டியைத் தொட விடாதே. இது எல்லாவற்றுக்கும் மேலே. அணைக்கவும் அணைக்காதே.

பெட்டியின் பின்னாலிருந்து ஒரு நீலக் கம்பி வரும். அதன் மறுமுனை புது ரவுட்டரில் சொருகியிருக்கிறதா பார். சொருகினால் அந்தத் துளைக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு மினுக்கும். மினுக்கினால் கம்பி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், எனக்குத் தெரிந்தவரை தவறு முகவரியில். ரவுட்டர் என்பது ஒரு தெரு மாதிரி. பழைய தெருவுக்குப் பெயர் █████████. அந்தத் தெருவில் நம் பெட்டிக்கு நான் நிரந்தரமாக █████████ என்று கதவிலக்கம் போட்டு வைத்தேன். புது ரவுட்டர் தெருப் பெயரையே மாற்றியிருக்கும். பெட்டி இன்னும் பழைய பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதனால் தேடினால் கிடைக்காது. புது ரவுட்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள முகவரியைப் போனில் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். அங்கே போய் █████████ என்பதை █████ என்று மாற்று.

இன்னொன்று. அலமாரியைத் திறந்து பெட்டியில் காதை வைத்துக் கேள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே எழுது.

சாப்பிடுகிறாய் என்று தெரிந்ததே போதும்.

வாலுவின் அப்பா


மார்ச் 27

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் பாதிதான் எனக்கு வந்து சேர்ந்தது. வேண்டிய இடத்தில் எல்லாம் கறுப்பு மையால் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன், திருப்பிப் போட்டும் பார்த்தேன், ஒரு எழுத்தும் தெரியவில்லை. பெரியவரின் "அடப் பாவமே" மட்டும் பத்திரமாக வந்திருக்கிறது. அதை வைத்து நான் என்ன செய்ய?

நீலக் கம்பி சரியாக இருக்கிறது. விளக்கு மினுக்குகிறது.

பொறுக்க முடியாமல் சனிக்கிழமை இணைப்புக்காரரை மறுபடியும் கூப்பிட்டேன். பெட்டியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "இது எங்க பொருள் இல்லைங்க மேடம். வேணும்னா ஃபார்மட் பண்ணித் தரேன், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். பெட்டிப் பக்கம் கையையும் கொண்டுபோய்விட்டார். ஃபார்மட் என்றால் என்ன என்று கேட்டேன். "உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும், அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதானாம்! வாசல் வரைக்கும் நான் போட்ட கத்தலில் மாடிக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

சத்தம் வருகிறது. டிக், டிக், டிக், பிறகு கொஞ்சம் நிற்கிறது, மறுபடி டிக். இதைக் கேட்டு என்னைப் பயமுறுத்தாதீர்கள். உள்ளே இரண்டு டிஸ்க் இருக்கிறது, ஒன்று போனாலும் இன்னொன்றில் எல்லாம் அப்படியே இருக்கும் என்று வாங்கிய அன்றைக்கு அரை மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தீர்களே.

ஒன்று கேட்கிறேன். இதைக் கேட்பதற்கு எனக்கு நான்கு நாள் ஆயிற்று. நீங்கள் எடுக்கிற வீடியோ எல்லாம் போனிலிருந்து தானாகவே அந்தப் பெட்டிக்குப் போய்விடும் என்பீர்கள். அன்றைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டே ஒரு கையால் போனைப் பிடித்து, பின்சீட்டில் அவள் பாடுகிறதை எடுத்தீர்களே. அதுவும் அதில் இருக்கிறதா? இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். தெரியாமல் திறந்துவிட்டால் நான் பிழைக்க மாட்டேன்.

வாலுவின் அம்மா


ஏப்ரல் 8

வாலுவின் அம்மாவுக்கு,

அது அதில் இல்லை. போன் நொறுங்கிவிட்டது, அது போய்ச் சேரவில்லை. எந்தக் கோப்பையும் பயமில்லாமல் திறக்கலாம். இதை முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று எழுதுகிறேன்.

இரண்டாவது விஷயத்தை எழுத எனக்கும் நான்கு நாள் ஆயிற்று. உள்ளே இருப்பது ஒரே ஒரு டிஸ்க். இன்னொன்று அந்த விபத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே செத்துவிட்டது. கழற்றி வைத்தேன். அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் "இதுக்குத்தான் அவ்வளவு பாடம் எடுத்தீங்களா" என்று கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்தேன், வேறொன்றுமில்லை. அடுத்த மாதம் நான் இங்கே இருந்தேன். டிக் டிக் என்பது இருக்கிற ஒன்றும் சாகப் போகிற சத்தம். எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. திட்டு. ஆனால் சீக்கிரம் செய்.

கோடு போடுகிற அதிகாரியிடம் போய் நின்றேன். நல்ல மனுஷன்தான், ஆனால் சட்டம் பேசினால் கல். "ஐயா, அது ரவுட்டர் முகவரிங்க, ரகசியம் எல்லாம் இல்லை" என்றேன். "எங்களுக்குப் புரியாத எண்ணுன்னா எண்ணுதான்யா. எழுத்துல எழுதினாலும் அடிப்பேன். போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் மளிகை லிஸ்ட்டுன்னு எழுதி உள்ள செல்போனைக் கொண்டுவந்துட்டான்" என்றார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கடைசியில், "அது கிடக்கட்டும், எங்க வீட்டு மாடியில வைஃபை வரவே மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். வேறு வழி?

அதனால் தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொட வேண்டும். கவனமாகப் படி.

ஸ்டிக்கரில் இருக்கிற முகவரியைப் போனில் தட்டு. திறக்கிற பக்கத்தில் கேட்கிற பெயரும் கடவுச்சொல்லும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போனதும் 'லேன்' என்று ஒரு இடம். அங்கே அதே முகவரி, புள்ளி வைத்துத் துண்டு துண்டாக இருக்கும். மற்ற எதையும் தொடாதே. மூன்றாவது இடத்தில் மட்டும், நமக்கு எத்தனை பிள்ளையோ அந்த எண்ணைப் போடு. சேமி என்பதைத் தட்டு. ரவுட்டர் தானே அணைந்து தானே எழுந்திருக்கும். அப்புறம் டிவியைப் போடு.

இப்படிக் கேட்பதற்கு மன்னித்துவிடு. இதை விட்டால் கோடு விழாத வழி எனக்குத் தோன்றவில்லை.

வாலுவின் அப்பா


ஏப்ரல் 20

வாலுவின் அப்பாவுக்கு,

கிணறு வெட்டப் போனால் பூதம் கிளம்புகிறது. ஒரே டிஸ்க்! உங்களுக்குப் பிள்ளையையும் ஒரு கையால்தான் பிடிக்கத் தெரியும், பிள்ளையின் படத்தையும் ஒரு கையால்தான் பிடிக்கத் தெரியும். பட்ட காலிலேயே படுகிறது எனக்கு. இதற்கு மேல் திட்ட எனக்குத் தெம்பில்லை.

நீங்கள் சொன்னபடி செய்தேன், வரவில்லை.

பக்கம் திறந்தது. லேன் இருந்தது. துண்டு துண்டாக முகவரியும் இருந்தது. மூன்றாவது இடத்தில் ஏற்கனவே முட்டைதான் இருந்தது. நமக்கு எத்தனை பிள்ளை? சரியாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டு, சேமி என்பதைத் தட்டினேன். அணைந்து எழுந்தது. டிவியைப் போட்டேன். 'சர்வர் கிடைக்கவில்லை.'

இந்தக் கேள்வியை ஒரு தாயிடம் கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? சலவைக் கூடத்தில் புதிதாக வந்த பெண் ஒருத்தி போன வாரம் இதையே கேட்டாள். "உங்களுக்கு எத்தனை பசங்கக்கா?" என்று. நான் விரிப்பை உதறிக்கொண்டே, "யாரும் இல்லைம்மா" என்றேன். பொய் சொன்னேனா, உண்மை சொன்னேனா என்று அன்றைக்கு முழுக்கத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை நீங்கள் எழுத்திலும் கொண்டுவந்து கொடுக்கிறீர்கள்.

டிக் சத்தம் இப்போது அடுப்படி வரைக்கும் கேட்கிறது. நிற்கும்போது எனக்கும் மூச்சு நிற்கிறது.

வாலுவின் அம்மா


மே 1

வாலுவின் அம்மாவுக்கு,

ஐயா, இதைப் படிக்கிற அதிகாரி அவர்களே, அடுத்த வரியில் தயவுசெய்து கோடு போடாதீர்கள். நீங்களும் பிள்ளை பெற்றவர்.

நமக்குப் பிள்ளை ஒருத்தி. அன்றைக்கும் ஒருத்தி, இன்றைக்கும் ஒருத்தி. இனி எவர் கேட்டாலும் ஒருத்தி. மூன்றாவது இடத்தில் முட்டையை எடுத்துவிட்டு அதைப் போடு.

நீ முட்டையை விட்டு வைத்தாய் என்று படித்ததும் அட்டை ஒட்டுவதை விட்டுவிட்டுப் பேனாவைத் தேடினேன். தப்பு என்மேல். எனக்குக் கேள்வியாகவே படவில்லை. உனக்கு அது கேள்வி என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இப்போது ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் கேள். திறந்ததும் எதையும் பார்க்காதே. ஒரு வெளி டிஸ்க் வாங்கி வை. யாரிடமாவது லேப்டாப் கேட்டு வாங்கு. பெட்டி அதில் தெரியும். கோப்புகளைக் கொத்தாக இழுத்து வெளி டிஸ்க்கில் போடு. முதலில் நகல், அப்புறம் பார்வை. பார்த்தால் கை நின்றுவிடும், எனக்குத் தெரியும். சாகிற டிஸ்க்குக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. எல்லாம் நகலாகி முடிந்த பிறகு வாழ்நாள் முழுக்கப் பார்.

வாலுவின் அப்பா


மே 17

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. அந்த வரியில் கோடு இல்லை. ஓரத்தில் பேனாவை வைத்த ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது. போட வந்து நிறுத்தியிருக்கிறார். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

பதினான்காம் தேதி விடுப்புப் போட்டேன். சலவைக் கூடத்தில் தையல் பிரிவு அக்காவிடம் லேப்டாப் வாங்கினேன். வெளி டிஸ்க்கும் வாங்கினேன். காலை எட்டரைக்கு முட்டையை எடுத்துவிட்டு நீங்கள் சொன்னதைப் போட்டேன். ரவுட்டர் அணைந்தது. எழுந்தது. லேப்டாப்பில் பெட்டி தெரிந்தது. வருஷ வாரியாக ஏழு கோப்புறை.

முதலில் நகல் என்று தெரியும். உங்கள் கடிதம் பக்கத்திலேயே விரித்துக் கிடந்தது. இரண்டரை மாதமாகப் பார்க்காத முகம். ஒன்றே ஒன்று பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். அவள் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது, அதனால் முதல் தடவையாக வீடியோவைத் திறந்தேன், சத்தத்தோடு.

பல் ஆடுகிற வீடியோ. "அப்பா, அப்பா, பாருங்க, ஆடுது!" என்கிறாள். "எங்க, காட்டு, இன்னும் கிட்ட வா" என்று உங்கள் குரல். கிட்ட வருகிறாள். திரை முழுக்க அவள் முகம், நேராக என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. என்னை இல்லை. உங்களை.

இத்தனை மாதமும் படங்களில் அவள் என்னைப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சோறு இறங்கியது அதனால்தான். குரலைக் கேட்ட பிறகுதான் புரிந்தது, அவள் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று. படம் எடுத்தது எல்லாம் நீங்கள்தானே.

அப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே வையுங்கள். அவள் என்னைப் பார்க்கிற ஒன்று, ஒன்றே ஒன்று வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றில் நான் துவைத்த துணியோடு பின்னால் குறுக்கே போகிறேன். ஒன்றில் என் முழங்கை தெரிகிறது. ஒன்றில், சட்டையில் சாயத்தைக் கொட்டிக்கொண்டு, "அம்மா, இங்க பாருங்களேன்" என்று திரும்பிக் கூப்பிடுகிறாள். இதோ, இதுதான் என்று நான் திரைக்குக் கிட்டப் போனேன். அதில் நான் தலையைத் தூக்காமல், "அப்பாகிட்ட காட்டு, போ" என்கிறேன். அவள் மறுபடி உங்கள் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று தெரியாது. டிக் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மணி நாலேகால்.

அப்போதுதான் நகல் எடுக்க உட்கார்ந்தேன். இழுத்துப் போட்டேன். பதினொரு கோப்பு ஏறியது. பன்னிரண்டாவது பாதியில் நின்றது. டிக் சத்தமும் நின்றது. பச்சை விளக்கு சிவப்பாயிற்று. அணைத்துப் போட்டேன், தட்டிப் பார்த்தேன், கட்டிப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். மறுநாள் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு, உள்ளே தகடே கீறிப்போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஏழு வருஷத்தில் பதினொன்று. எரிகிற வீட்டில் பிடுங்கிய வரை லாபம் என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை.

பிள்ளையைக் கொன்றது நீங்கள். அதை நான் இன்றைக்கும் சொல்வேன், சாகிற வரைக்கும் சொல்வேன். ஆனால் அவள் படங்களைக் கொன்றது நான். கடிதம் பக்கத்தில் விரித்துக் கிடந்தும், காது கேட்டும் கொன்றேன். ஒரு நிமிஷம் கண்ணை அங்கே திருப்பினேன், அவ்வளவுதான் நடந்தது என்று நீங்கள் கோர்ட்டில் சொன்னபோது, எப்படி ஒரு மனுஷனால் அப்படிச் செய்ய முடியும் என்று கத்தினேனே. எனக்கு ஒரு நிமிஷம் இல்லை, எட்டு மணி நேரம்.

வாலுவின் பல் அந்தப் பதினொன்றில் இருக்கிறது. சாயம் இல்லை, போய்விட்டது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு உங்களைப் பார்க்க மனு கொடுத்திருக்கிறேன். மன்னிக்க வரவில்லை. பேசவும் வேண்டாம், எனக்குப் பேச ஒன்றும் இல்லை. இருக்கிற பதினொன்றிலும் அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அப்படி என்னத்தைப் பார்த்தாள் என்று எனக்குப் பார்க்க வேண்டும். கொடுக்கிற இருபது நிமிஷமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருங்கள். அழுதாலும் பரவாயில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

வாலுவின் அம்மா